ஏலக்கூடத்தில் ஒரு மூளை

ஏலம் நடக்கும் நாட்களில் எங்கள் கூடத்துக்குள் நடந்தால் செருப்புக்கடியில் ஏலக்காய் நொறுங்கும். விற்பனைக்கு வந்த ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு பிடி காயைச் சின்னப் பிளாஸ்டிக் பொட்டலத்தில் போட்டு வியாபாரிகளின் மேசைக்குக் கொண்டுபோவேன். அவர்கள் கிழித்து உள்ளங்கையில் கொட்டுவார்கள், ஒன்றை உடைத்து முகர்வார்கள், கம்ப்யூட்டரில் விலையைத் தட்டுவார்கள். மிச்சத்தை அப்படியே தரையில் வீசிவிட்டு அடுத்த பொட்டலத்துக்குக் கை நீட்டுவார்கள். வண்டன்மேட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். எங்களுக்கு இது பழக்கம்.

வீசியதைக் கூட்டி அள்ளுவது ஞானஜோதி அக்காவும் அவளோடு இருக்கும் நான்கு பெண்களும். பொட்டலம் கொண்டுபோவது நான். பிளஸ் ஒன்னில் மூன்று வாரம் இருந்தேன். அந்த மூன்று வாரமும் வகுப்பில் ஒருவரிடமும் பேசவில்லை. நான்காவது வாரம் போகவில்லை. இந்த வேலையில் வாய் திறக்காமலே ஒரு நாளை ஓட்டிவிடலாம்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, மதியச் சோற்று நேரத்தில் யோகப்பிரியா அக்கா கூடத்துக்குள் வந்தாள். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் கடைசி வீடு அவளுடையது. மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்வதற்காக வெளியூரில் இருக்கிறாள். லீவுக்கு வந்தால் நன்றாகத் தூங்குவாள். அன்று தூங்கின முகமே இல்லை.

"ஜோதிக்கா, ஞாயித்துக்கிழமை எனக்கு நீங்க அஞ்சு பேரும் வேணும்."

"எதுக்குத்தா? கல்யாணமா?"

"இல்லக்கா. மூளைக்கு."

"மூளையா? எங்கள்ட்ட இருந்தாத் தாரோம்," என்றாள் ஜோதி அக்கா. மற்ற பெண்களுக்குச் சோறு புரையேறியது.

யோகாக்கா சாக்குமூட்டையில் உட்கார்ந்து சொன்னாள். அவளுடைய ஆய்வகத்தில் ஏழு மாணவர்கள். போர்ச்சுகலில் நடக்கும் பெரிய கூட்டத்துக்கு ஒருவரைத்தான் அனுப்புவார்கள். யாரை என்று முடிவு செய்ய ஒரு போட்டி வைத்திருக்கிறார்கள். ஏழு பேரும் அவரவர் ஊரில், அவரவர் தாய்மொழியில், தங்கள் ஆராய்ச்சியை எட்டு நிமிடத்தில் ஊர்க்காரர்களுக்கு விளங்கவைக்க வேண்டும். ஒருவர் வந்து பார்ப்பார். முடிந்ததும் அங்கே இருக்கிற எவரையாவது பிடித்து மூன்று கேள்வி கேட்பார். அவர்கள் சொல்லும் பதிலுக்குத்தான் மதிப்பெண் அதிகம்.

"நேத்து எங்க வீட்ல சொல்லிப் பாத்தேன். அம்மா உக்காந்தபடியே தூங்கிருச்சு," என்றாள் யோகாக்கா. "பெறகுதான் உங்க ஞாபகம் வந்துச்சு. மூளையில நரம்பு செல்லுக இருக்கு. ஒன்னுக்கொன்னு சேதி சொல்ல குளூட்டமேட்டுன்னு ஒரு சரக்க வீசும். வீசிட்டு அது பாட்டுக்கு அடுத்த சோலியப் பாக்கப் போயிரும். கீழ கெடக்குறத யாரு அள்ளுவா?"

"நாங்கதான்," என்றாள் ஜோதி அக்கா, சோற்றிலிருந்து தலை நிமிராமல்.

"அதேதான்! பக்கத்துல துணைச் செல்லுக இருக்கு. ஆஸ்ட்ரோசைட்டுன்னு பேரு. அதுக அள்ளலன்னா மூளையே கெட்டுப்போகும். நான் படிக்கிறதே அதத்தான்."

ஜோதி அக்கா கையை நக்கிவிட்டு எழுந்தாள். "ஏட்டி, கேட்டீகளா? போர்ச்சுகல்காரன் வரைக்கும் நம்ம விளக்குமாறு போகுதாம்."

மேலாளர் ஞாயிற்றுக்கிழமை கூடத்தைத் திறந்துகொள்ளச் சம்மதித்தார். கூட்டி அள்ளிய காயில் மூன்று கிலோவும் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். காய் திரும்பி வரும்போது எட்டு மில்லிமீட்டர் பருமன் தனி, ஏழு மில்லி தனி, உடைசல் தனி என்று தரம் பிரித்து வரவேண்டும்.

சனிக்கிழமை ஒத்திகை. தோட்டத்து ஆட்கள் எட்டுப் பேர் வந்தார்கள். நான்கு நான்கு பேராக எதிரெதிரே இரண்டு வரிசையில் நாற்காலி போட்டாள் யோகாக்கா. அவர்கள்தான் நரம்பு செல்கள். இந்த வரிசை காயை வீசவேண்டும். அந்த வரிசையில் காய் வந்து விழுந்தவன் கையைத் தூக்கி ஒரு விலை கத்தவேண்டும். நடுவில் இருந்த இடைவெளி ஜோதி அக்காவின் ஆட்களுக்கு.

ஜோதி அக்காவின் புருஷன் சுவக்கீன் மாமா ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பு எரிப்பவர். அவருக்குச் சிவப்புக் காகிதத் துண்டுகள் கிடைத்தன. மூளை வேலை செய்யச் செய்ய உள்ளே தீப்பொறி மாதிரி சில பொருட்கள் உண்டாகுமாம், செல்லைச் சுட்டுத் துளை போட்டுவிடுமாம். மாமா அந்தப் பொறிகளை எல்லார் மேலும் வீசவேண்டும்.

"ஸ்டோர்ல பொறி பறந்தா என்ன செய்வீக, மாமா?"

"ஈரச் சாக்கப் போட்டு அமத்துவேன்."

"மூளையிலயும் ஈரச் சாக்கு உண்டு. குளூட்டாதயோன்னு பேரு. துணைச் செல்லுதான் அதச் செஞ்சு வச்சுக்கும், பக்கத்து நரம்பு செல்லுக்கும் அதச் செய்யச் சரக்குக் குடுக்கும். ஆனா செய்யணும்னா வெறுஞ்சாக்கு வெளியருந்து வரணும்ல? அந்த வெறுஞ்சாக்குக்குப் பேரு சிஸ்டின்."

வெறுஞ்சாக்கு எடுக்க இரண்டு பெண்கள் பின்வாசலுக்குப் போனார்கள். அங்கே வாட்ச்மேன் முனீஸ்வரன் அண்ணன் கையை விரித்து வாசலை மறித்தார்.

"சாக்கு உள்ள போகணும்னா ஒரு வாளி காய் வெளிய வரணும். உள்ள எடமில்ல. மேலாளர் ஆர்டரு."

"அண்ணே, இது நாடகம்ணே!"

"நாடகம்னா எடம் கூடிருமா?"

சண்டை வரும் என்று நினைத்தேன். யோகாக்கா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "அண்ணே, இதுதாண்ணே! துணைச் செல்லு சுவத்துல இப்படி ஒரு வாசல் இருக்கு. ஒரு சிஸ்டின் உள்ள வரணும்னா ஒரு குளூட்டமேட்டு வெளிய போகணும். இத எப்படிக் காட்டுறதுன்னு ரெண்டு நாளா முழிச்சுட்டு இருந்தேன். நாளைக்கும் இதே மாதிரி மறிங்க, யாரு சொன்னாலும் விடாதீங்க."

"நான் எப்ப விட்டேன்?" என்றார் முனீஸ் அண்ணன், லேசாக மனம் நொந்து.

பிறகு அவள் என்னைத் தேடினாள். நான் பொட்டலக் கூடைக்குப் பின்னால் இருந்தேன்.

"ஜிஸ்மி, நீதான் நியூரோபெப்டைடு."

நான் தலையை ஆட்டி மறுத்தேன்.

"பேசவே வேண்டாம்டி. குளூட்டமேட்டுதான் கத்துற சேதி, கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள முடிஞ்சிரும். நியூரோபெப்டைடு மெதுவாப் போகும், காதோட சொல்லும், ஆனா ரொம்ப நேரம் நிக்கும். நீ நரம்பு செல்லு வரிசையிலருந்து எந்திரிச்சுப் போய் ஜோதிக்கா காதுல சொல்லு. 'விளக்குமாத்தக் கூட்டு, சாக்கையும் கூட்டு.' ரெண்டும் அதிகமாகணும். அவ்ளோதான்."

எழுந்து போனேன். எட்டு ஆண்கள் என்னையே பார்த்தார்கள். ஜோதி அக்காவின் காதருகே குனிந்தபோது சேதியில் பாதி மறந்துபோயிற்று. "சாக்கக் கூட்டு," என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடிவந்தேன்.

அக்கா சொன்னதைச் செய்கிறவள். விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஐந்து பேரும் சாக்குக்குப் போனார்கள். பன்னிரண்டு சாக்கு உள்ளே வந்தது. முனீஸ் அண்ணன் பன்னிரண்டு வாளிக் கணக்கையும் விடவில்லை. வாளிக்கு நான்கு காய்தான் இருந்தாலும் வாங்கி, செல்லுக்கு வெளியே என்று யோகாக்கா காட்டியிருந்த இடத்தில், இரண்டு வரிசைக்கும் நடுவில் கொட்டினார். அதைக் கூட்ட ஆளில்லை. எதிர்வரிசைக்காரர்கள் தரையிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி விலை கத்தினார்கள். நிறுத்த முடியவில்லை. ஒருவருக்குத் தொண்டை கட்டிப்போய் நாற்காலியில் சரிந்தார்.

எனக்கு அழுகை முட்டியது. யோகாக்கா கைதட்டினாள்.

"பாத்தீங்களா எல்லாரும்? பாதிச் சேதி போனா இதுதான் கதி. சாக்கு நெறைய வந்துச்சு, பொறி அணைஞ்சுச்சு. ஆனா வெளிய தள்ளுன காய் கெடந்து ஆளையே சாச்சிருச்சு. நான் ஆய்வகத் தட்டுல வளக்குற செல்லுல இந்த நியூரோபெப்டைடு சேதிக்காரனப் போட்டா அது ரெண்டையும் கூட்டுது. அள்ளுற கையும் கூடுது, வாசலும் கூடுது. ரெண்டும் சேந்து போனாத்தான் நிதானம் நிக்கும். ஜிஸ்மி, நாளைக்கு ரெண்டையும் சொல்லிரு, என்ன?"

"சொல்லிருவா. காதுல ஒரு முத்தமும் குடுத்துட்டுச் சொல்லட்டும்," என்றாள் ஜோதி அக்கா.

ஒத்திகையில் இன்னொரு கோளாறும் இருந்தது, அதைத்தான் யோகாக்காவால் சரிசெய்ய முடியவில்லை. அள்ளிய காயைப் பின்னால் ஒரு மூட்டையில் கொட்டிவிட்டு மறுபடி கூட்ட வரவேண்டும். இவர்களால் அது முடியாது. கையில் காய் வந்தால் சல்லடையைத் தேடுவார்கள்.

"அக்கா, தரம் பிரிக்காதீங்கக்கா. நேரம் போகுது."

"மேலாளர் கேப்பாரே?"

"அப்புறம் பிரிச்சுக்கலாம்."

"சரித்தா," என்பாள் ஜோதி அக்கா. ஆனால் விரல்கள் எட்டு மில்லியை ஒதுக்கிக்கொண்டே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர்களும் கடைவீதியில் நின்றவர்களுமாக அறுபது பேர் சேர்ந்துவிட்டார்கள். ஆய்வகத்திலிருந்து ஜிபின் சார் பைக்கில் வந்தார். மலையாளி, நன்றாகத் தமிழ் பேசுவார். கையில் ஒரு அட்டை, கழுத்தில் ஸ்டாப்வாட்ச்.

"எட்டு மினிட்டு. அதுக்கு மேல போகிற ஒவ்வொரு மினிட்டுக்கும் ஒரு மார்க் போகும். அப்புறம் நான் கேள்வி கேக்கும்போது யோகப்பிரியா வாய் திறக்கக் கூடாது, கேட்டோ."

யோகாக்கா தலையாட்டினாள். 

முதலில் கூட்ட ஆளில்லாத மூளையைக் காட்டினாள். வரிசைகள் வீசிக் கத்தின, சுவக்கீன் மாமா பொறியை வீசினார். எதிர்வரிசைக்காரர்கள் கத்தித் தீர்த்து ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். கடைசி ஆள் சரிந்தபோது கூட்டத்தில் ஒருவர், "லே, இவன் தெனமும் சாயந்தரம் இப்படித்தானே கெடப்பான்!" என்றார். கூடமே சிரித்தது. பிறகு யோகாக்கா எல்லாரையும் எழுப்பி உட்காரவைத்து, துணைச் செல்களைக் கூப்பிட்டாள். ஜோதி அக்காவின் ஆட்கள் இரண்டு விளக்குமாறோடு வந்தார்கள். காய் விழ விழக் கூட்டினார்கள். சமாளித்தார்கள், ஆனால் மூச்சு வாங்கியது. யோகாக்கா என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்தேன்.

"ஏ ஜிஸ்மி, மாதா பவனி மாதிரி போறியே!" என்று யாரோ கத்தினார்கள்.  மெதுவாகத்தான் போகவேண்டும் என்று யோகாக்கா சொல்லியிருந்ததால் மெதுவாகவே போனேன். ஜோதி அக்கா தானாகவே காதைச் சாய்த்துக்கொடுத்தாள். இரண்டையும் சொன்னேன். அவள் பக்கத்துப் பெண்ணின் காதில் சொன்னாள், அவள் அடுத்தவளுக்குச் சொன்னாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சுவரோரம் இருந்த மூன்றாவது விளக்குமாறும் வந்தது, மற்ற இருவர் சாக்குக்குப் போனார்கள். பின்வாசலில் சாக்கு உள்ளே வர, காய் வெளியே போக, போன காயை உடனே ஒரு விளக்குமாறு வாரிக்கொண்டது. பொறி விழுந்த இடத்தில் எல்லாம் ஈரச் சாக்கு விழுந்தது. சுவக்கீன் மாமா தலையிலும் ஒன்று விழுந்தது. அது அக்கா வேண்டுமென்றே போட்டது.

ஐந்தாவது நிமிடத்தில், காய் வீசும் முன்வரிசைக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். வீசக் காய் இல்லை. மூன்று கிலோவும் தீர்ந்துவிட்டது.

யோகாக்கா ஜிபின் சாரின் ஸ்டாப்வாட்சைப் பார்த்தாள். வீச ஒன்றும் இல்லையென்றால் மூளை நின்றுபோகும், இன்னும் மூன்று நிமிடம் பாக்கி. ஒத்திகையில் இவ்வளவு வேகமாக யாரும் வீசவில்லை. ஆள் கூடியதும் ஆட்களுக்கு உற்சாகம் கூடிவிட்டது. ஜிபின் சார் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அப்போதுதான் ஜோதி அக்காவின் கூட்டத்தில் கடைசியாக இருந்த பெண், முந்தானையில் எதையோ ஏந்தியபடி இடைவெளியைக் கடந்து முன்வரிசைக்கு வந்தாள். சின்னச் சின்னப் பொட்டலங்கள். உள்ளே எட்டு மில்லி. அக்காவும் அவளும் அள்ளிய காயைக் குனிந்து கூட்டும்போதே பிரித்து, என் கூடையிலிருந்த பொட்டலங்களில் போட்டு மடித்து வைத்திருந்தார்கள். எத்தனை முறை சொல்லியும் அவர்கள் கை கேட்கவில்லை. முன்வரிசைக்காரர்கள் பொட்டலத்தைப் பார்த்ததும் வழக்கம்போலக் கிழித்தார்கள், கொட்டினார்கள், வீசினார்கள். மறுபடி விலை கேட்டது, மறுபடி விளக்குமாறு ஓடியது.

எட்டு நிமிடத்தில் ஜிபின் சார் கை தூக்கினார். யாரும் பார்க்கவில்லை. யோகாக்கா, "போதும், போதும்க்கா!" என்று கெஞ்சினாள்.

"பொறுத்தா, இந்த லாட்டு முடியட்டும்," என்றாள் ஜோதி அக்கா.

பதினோரு நிமிடம் ஆகிவிட்டது.

ஜிபின் சார் முதல் கேள்விக்கு முனீஸ் அண்ணனிடம் போனார். "சேட்டா, சாக்கு உள்ளே வரும்போது ஏன் காயை வெளியே விட்டீங்க?"

"என் வாசல் அப்படி, சார். ஒன்னுக்கு ஒன்னு."

"அது மூளைக்கு நல்லதா, கெட்டதா?"

முனீஸ் அண்ணன் மீசையைத் தடவினார். "வெளிய போன காய அள்ள ஆளு இருந்தா நல்லது. பொறி அணைய சாக்கு வேணும்ல? ஆளு இல்லன்னா கேடு. நேத்து ஆளில்லாம ஒருத்தன் மயங்கிட்டான்."

இரண்டாவது கேள்வி சுவக்கீன் மாமாவுக்கு. சார் என்னைக் காட்டினார். நான் சாக்குக்குப் பின்னால் பாதி மறைந்தேன். "அந்தக் குட்டி என்ன செஞ்சது?"

"அவ கூட்டவும் இல்ல, அணைக்கவும் இல்ல சார். ஒரு வார்த்த சொன்னா. மத்தவுக கையி கூடிப்போச்சு."

"உடனே கூடிச்சா?"

"எங்க? கொஞ்சம் பொறுத்துத்தான். ஆனா கூடுனது கொறையல."

சார் எழுதிக்கொண்டார். கடைசியாக ஜோதி அக்காவிடம் வந்தார். "சேச்சி, அள்ளின காயை ஏன் பொட்டலம் கட்டிக் கொடுத்தீங்க? அப்படியே கையில கொடுத்திருக்கலாமே?"

"அப்படியே கொண்டுபோனா மணக்கும் சார். எதிர்வரிசையில இருக்க இந்தப் பயலுக மணம் பிடிச்சு வழியிலயே பிடுங்கி உடைச்சுக் கத்த ஆரம்பிச்சிருவானுக. பொட்டணத்துல மூடிட்டா ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். போக வேண்டிய எடத்துக்குப் போய்ச் சேந்துரும். அங்க கிழிச்சுக்கட்டும்."

சார் அட்டையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டு யோகாக்கா பக்கம் திரும்பினார். "இது நீ சொல்லிக் கொடுத்ததா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல சார்," என்றாள். "துணைச் செல்லு குளூட்டமேட்ட இந்தப் பொட்டணம் மாதிரி குளூட்டமைனா மாத்தித் திருப்பி அனுப்பும்னு எனக்குத் தெரியும். நேரம் பத்தாதுன்னு நான்தான் அதக் காட்டாம விட்டுட்டேன். தரம் பிரிக்க வேண்டாம்னுகூடச் சொன்னேன். அவுக கேக்கல."

"செரி," என்று அட்டையை மூடிக்கொண்டு அவர் பைக்கை எடுத்தார்.

அவர் போனதும் ஜோதி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கெடுத்துட்டமாத்தா?"

"மூணு நிமிஷம் கெடுத்தீங்க," என்றாள் யோகாக்கா. பிறகு அவளைக் கட்டிக்கொண்டாள். மேலாளரின் காயைத் திருப்பிக் கொடுக்க அன்று எங்களுக்கு அதிக வேலை இருக்கவில்லை, முக்கால்வாசி பிரிந்தே இருந்தது.

புதன்கிழமை ஏலம் உச்சத்தில் இருக்கும்போது ஜோதி அக்காவின் போன் அடித்தது. அவள் விளக்குமாற்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா! எனக்குத்தான்க்கா! நேரத்துக்கு மூணு மார்க் போச்சு. அந்தப் பொட்டணத்த நான் விட்டதுக்கு ரெண்டு போச்சு. ஆனா பதில்ல முழு மார்க்கு. சொல்லாததையும் சரியாச் செஞ்ச ஊர நான் பாத்ததில்லன்னு சார் எழுதிருக்காரு."

கூட்டுகிற பெண்கள் போட்ட சத்தத்தில் வியாபாரிகள் ஏதோ விலை ஏறிவிட்டது என்று கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள்.

"போர்ச்சுகல்லயும் இதே மாதிரி செஞ்சு காட்டச் சொல்றாங்கக்கா. அங்க பேராசிரியருங்கதான் கூட்டணும்."

ஜோதி அக்கா போனை வாயருகே கொண்டுவந்தாள். "அவுகளுக்கு விளக்குமாறு பிடிக்கத் தெரியுமா?"

"தெரியாதுன்னுதான் நெனைக்கிறேன்."

"அப்ப போறதுக்கு முன்னால ஒரு வீடியோ கால் போடு. குனிஞ்சு கூட்டணும், தூசி கிளப்பக் கூடாது, காய மிதிக்கக் கூடாது. மிதிச்சா அது உடைசல். உடைசல எந்த மூளையும் எடுக்காது, சொல்லிட்டேன்."

அடுத்த லாட்டுக்கு மணி அடித்தது. நான் பொட்டலக் கூடையை எடுத்துக்கொண்டு மேசைகளுக்கு நடுவே போனேன். போகிற வழியில் ஜோதி அக்காவின் காதில் குனிந்து, பேராசிரியர்கள் சல்லடையும் கொண்டுவரவேண்டும் என்று சொன்னேன். அவள் அதை அப்படியே போனில் கத்தினாள்.